அடைபட்ட ராஜபாட்டை

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சனி, ஞாயிறுகளில் ராஜபாட்டைகளை அடைத்துவிடும்போது அந்நகரவாசிகள் கொள்ளும் ஆத்திரத்தைச் சிலர் பரிகசிப்பதுண்டு. மோட்டாரில் ஏறி உட்கார்ந்ததும் உலகமே தங்களுக்கு வழிவிட வேண்டுமென்று நினைக்கும் சுகவாசிகளின் முணுமுணுப்பு என்று அதை ஒதுக்கிவிடுவது சுலபம். நாம் அவ்விதம் நினைக்கவில்லை. பொது ஜனங்களின் பணத்தினால் போடப்பட்ட சாலையைப் பொது ஜனங்களுக்கே மறுக்கும்போது, மறுக்கிறவர் எவ்வளவு பெரிய அதிகாரியாயிருந்தபோதிலும் காரணம் சொல்லக் கடமைப்பட்டவராவார். அவர் சொல்லும் காரணம் நியாயமானதுதானா என்று விசாரிக்க ஜனங்களுக்கு உரிமையுண்டு. இந்த உரிமையைக் கைவிட்டுவிட்டு, "சாலையென்றால் மராமத்து இருக்கத்தானே செய்யும்" என்று பெருமூச்செறிவதை நாம் பொறுமை என்று அழைக்க மாட்டோம்.

அந்நகரத்தின் அமைப்பை அறியாதவர்களுக்கு இவ்விஷயம் சரிவர விளங்காது. ஸாண்டா மோனிகா மலைத்தொடர் நகரத்தை இரண்டாகப் பிளக்கிறது. மலைக்கு வடக்கே பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வசிக்கும் ஸான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கு. தெற்கே கடற்கரை, பெரிய விமான நிலையம், சர்வகலாசாலை, ஆஸ்பத்திரிகள், உத்தியோக சாலைகள். இவ்விரண்டையும் ஸெபுல்வெடா கணவாயின் வழியாகப் பிணைப்பது 405-ம் நெம்பர் சாலை. பிரீவே என்று அவர்கள் அழைக்கும் இச்சாலையின் கணவாய்ப் பகுதி 1962-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் திறக்கப்பட்டது. கிழக்கே 101-ம் நெம்பர் சாலை வெகு தூரம் சுற்றிச் செல்கிறது. மற்றபடி, அருகிலேயே வளைந்து ஏறும் ஸெபுல்வெடா வீதியும், பெவர்லி கிளென், பெனிடிக்ட், கோல்ட்வாட்டர், லாரல் என்ற பெயர்களுள்ள குறுகிய மலைப் பாதைகளுமே உள்ளன. வேலை நாட்களில் சாயந்திர வேளையில் 405-ல் வண்டிகள் ஊரும் வேகத்தைப் பார்த்தால், செக்கு மாடு அதைவிடச் சற்று விரைவாகவே நடக்கிறதென்று சொல்லலாம்.

இப்படிப்பட்ட சாலையை 2011-ம் வருஷம் ஜூலை மாதம் 15-ந் தேதி வெள்ளிக்கிழமை நள்ளிரவிலிருந்து 18-ந் தேதி திங்கட்கிழமை காலை 5 மணி வரையில், 53 மணி நேரம் ஒரேயடியாக மூடிவிடுவதென்று அதிகாரிகள் தீர்மானித்தார்கள். வடக்கு நோக்கிச் செல்லும் பக்கத்தில் 10 மைல். தெற்கு நோக்கி வரும் பக்கத்தில் 4 மைல். வடக்குப் பக்கத்தில் கூட்டாகப் பிரயாணம் செய்வோரின் வண்டிகளுக்கென்று ஒரு தனி வரிசையைப் புதிதாகச் சேர்ப்பதற்காகச் சாலையை அகலப்படுத்த வேண்டியிருந்தது. சாலைக்கு மேலே மலை முகட்டின் வழியாகச் செல்லும் முல்ஹாலண்ட் பாலம் அதற்கு இடைஞ்சலாயிருந்தது. பாலத்தின் தென்பாதியை இடித்து, வடபாதியில் போக்குவரத்தை நடத்தி, புதிய பாதியைக் கட்டியபின் பழைய வடபாதியை இடிப்பது என்பது திட்டம். மேலேயிருந்து கான்க்ரீட் விழும்போது கீழே வண்டிகளை விட முடியாதென்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். வேலை நாட்களில் நெரிசல் இன்னும் அதிகமாதலால் சனி, ஞாயிறுகளைத் தேர்ந்தெடுத்ததிலும் தவறில்லை. ஆனால் சாதாரணமாக ஜூலை மாதத்து சனி, ஞாயிறுகளில் அப்பகுதியைச் சுமார் 5 லட்சம் வண்டிகள் உபயோகிக்கின்றன என்பது அதிகாரிகளே கொடுத்த கணக்கு. இந்த 5 லட்சம் எங்கே போவது?

எங்கும் போகாதீர்கள் என்பதே விடையாயிற்று. பல வாரங்களுக்கு முன்பிருந்தே பிரசாரம் ஆரம்பித்தது. மேயர் அண்டோனியோ வில்லரைகோஸா முதல் போலீஸ் அதிகாரிகள் வரையில், வீட்டிலேயே இருங்கள், வெளியூரார் இப்பக்கம் தலை காட்டாதீர்கள் என்று மீண்டும் மீண்டும் எச்சரித்தார்கள். சினிமா நட்சத்திரங்களைக் கொண்டும் சொல்லச் செய்தார்கள். கிறிஸ்தவ வேதத்தில் உலக முடிவுக்குரிய போர்க்களமாகச் சொல்லப்படும் ஆர்மகெடான் என்ற பெயரோடு காரையும் சேர்த்துக் 'கார்மகெடான்' என்று அந்த இரண்டு நாட்களுக்குப் பெயரிட்டார்கள். நமது பாஷையில் மோட்டார்ப் பிரளயம் என்று சொல்லலாம். மலைமேலிருக்கும் கெட்டி கலைக்கூடத்தைப் பூட்டினார்கள். சர்வகலாசாலையின் ஆஸ்பத்திரி தன் வைத்தியர்களிலும் தாதிகளிலும் பலரை அருகிலேயே தங்கவைக்க ஏற்பாடு செய்தது. சில பஸ் மார்க்கங்களிலும் சுரங்க ரயில்களிலும் அந்த இரண்டு நாட்களும் கட்டணமில்லை என்று அறிவித்தார்கள். ஜெட்ப்ளூ என்ற விமானக் கம்பெனி, பர்பாங்கிலிருந்து லாங் பீச்சுக்கு, அதாவது ஒரே நகரப் பரப்பின் ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்கு, 4 டாலர் கட்டணத்தில் விமானம் விட்டது. சில மணி நேரத்துக்குள் டிக்கெட்டுகள் யாவும் விற்றுப்போயின. அதைக் கண்ட சில சைக்கிள்காரர்கள் பந்தயம் கட்டி, ஏறக்குறைய 40 மைல் தூரத்தைச் சைக்கிளிலேயே கடந்து, விமானத்தில் வந்தவருக்கு வெகு நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் நடையிலுமாக வந்த ஒருவருங்கூட விமானத்தை வென்றுவிட்டார். இந்தச் செய்தி நமக்குச் சிரிப்பை மட்டும் தரவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்லுவோம்.

பிரளயம் வரவில்லை. ஜனங்கள் சொன்னபடி வீட்டில் இருந்துவிட்டார்கள். வீதிகள் வெறிச்சோடின. வேலையும் குறித்த நேரத்துக்குச் சுமார் 17 மணி நேரம் முன்னதாகவே முடிந்து, ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் சாலை திறக்கப்பட்டது. அதிகாரிகள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். 2012-ம் வருஷம் செப்டம்பர் 29, 30-ந் தேதிகளில் வடபாதியை இடிப்பதற்கு மறுபடியும் அதே விதமாக அடைத்தபோதும் பெரிய விபரீதம் எதுவும் நேரவில்லை.

வேலையைத் திறம்பட நடத்திய என்ஜினீயர்களையும் தொழிலாளர்களையும் நாமும் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் விபரீதம் நேரவில்லை என்பதனால் நஷ்டமே இல்லையென்று கொள்வது பிசகு. வீட்டிலிருங்கள் என்ற உபதேசம் யாருக்கு எளிது? தோட்டத்தோடு கூடிய வீடும், மாதச் சம்பளமும் உள்ளவருக்கு அது இரண்டு நாள் ஓய்வு. ஹோட்டலில் பாத்திரம் தேய்ப்பவர், பிறர் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்திரீ, தோட்ட வேலை செய்பவர், விமான நிலையத்தில் மூட்டை தூக்குபவர் ஆகியோருக்கு சனி, ஞாயிறுகளே கூலி நாட்கள். மணிக் கணக்கில் கூலி வாங்குகிறவன் வீட்டிலிருந்தால் அன்று அவன் வீட்டில் அடுப்பு மெதுவாகத்தான் எரியும். கடை வைத்திருப்பவர்கள் வாரம் முழுவதும் எதிர்பார்த்திருப்பதும் இந்த இரண்டு நாட்களைத்தான். கலபாஸஸில் உள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலுக்குச் சனிக்கிழமை தோறும் தெற்கேயிருந்து குடும்பத்தோடு புறப்படும் நம்மவர்களுக்கும் அந்தக் கணவாய்தான் வழி. இவர்களுடைய நஷ்டத்தை ஒப்பந்தக் கணக்கில் எந்தக் கலத்திலும் எழுதவில்லை. சாலை தாமதமாகத் திறக்கப்பட்டால் பத்து நிமிஷத்துக்கு இவ்வளவு என்று கம்பெனிக்கு அபராதம் விதிக்க ஒப்பந்தத்தில் இடமிருந்தது. அந்த அபராதத்தை வசூலிக்கும் உரிமை சர்க்காருக்கே தவிர, கூலியை இழந்தவனுக்கு அதில் ஒரு செப்புக் காசும் கிடையாது.

சில காலம் வழக்கறிஞர் தொழிலில் உழன்ற நமக்கு ஆங்கிலேயரின் பொதுச் சட்டத்தில் ஒரு பழைய கொள்கை நினைவுக்கு வருகிறது. ஒரு முறை பொது வழியாகிவிட்ட நிலம் என்றைக்கும் பொது வழியே என்பது அக்கொள்கை. அரசனாயிருந்தாலும் சட்டத்தின் அனுமதியின்றி அதை மறிக்க இயலாது. மராமத்துக்காகத் தற்காலிகமாக மறிக்கலாம். ஆனால் மறிப்பின் அளவும் காலமும் அவசியத்துக்கு மிஞ்சக்கூடாது. அமெரிக்கர்கள் ஆங்கிலேயருடைய ஆட்சியை உதறித் தள்ளினார்களே ஒழிய அவர்களுடைய பொதுச் சட்டத்தை உதறவில்லை. ஆகவே இந்த அளவுகோலை அவர்களுக்கு அந்நியமென்று சொல்ல முடியாது. இதைக் கொண்டு பார்த்தால் 2011-ம் வருஷத்து அடைப்பில் முன்னறிவிப்பு இருந்தது, அவசியம் இருந்தது, காலக்கெடு இருந்தது. மாற்று வழி ஒன்றுதான் இல்லை. அந்தக் குறை அந்த வருஷத்து அதிகாரிகளுடையது மாத்திரமல்ல. அரை நூற்றாண்டாகச் சேர்ந்து வந்த குறை அது.

ஒரு காலத்தில் அந்நகரத்தில் பஸிபிக் எலெக்டிரிக் என்ற கம்பெனியின் சிவப்பு டிராம் வண்டிகள் நாலா பக்கமும் ஓடின. மோட்டார்கள் பெருகப் பெருக அவை நலிந்து, கடைசியாக மிஞ்சிய லாங் பீச் மார்க்கமும் 1961-ம் வருஷத்தில் நின்றுவிட்டது. அதே வருஷங்களில் ராஜபாட்டைகள் எழும்பின. ஏழைகளும் கறுப்பர்களும் மெக்ஸிகோ வமிசத்தவரும் வசித்த பகுதிகளின் நடுவே அவை வெட்டப்பட்டன. பாயில் ஹைட்ஸ் பேட்டையைப் பல சாலைகள் துண்டாடின. செல்வர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸ் வழியாகப் போட உத்தேசித்த சாலை மட்டும் காகிதத்திலேயே நின்றுவிட்டது. 1990-ம் வருஷத்தில் லாங் பீச்சுக்கு மறுபடியும் ரயில் விட்டார்கள். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு முப்பது வருஷத்துக்குள் கோடிக்கணக்கான டாலர்களைக் கொட்டி அதே திக்கில் தண்டவாளம் போடுவதை விவேகமென்று சொல்வதா, பிராயச்சித்தமென்று சொல்வதா என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும். ஸெபுல்வெடா கணவாயில் மட்டும் இன்றளவும் ரயில் கிடையாது. விமானத்தைத் தோற்கடித்த பஸ்ஸும் ரயிலும் அந்தக் கணவாயின் வழியாகவும் ஓடியிருக்குமானால் 2011-ல் பிரளயம் என்ற பேச்சே எழுந்திராது.

இனி, இவ்வளவு சிரமமும் எதற்காகப் பட்டார்களோ அதன் பலனைப் பார்ப்போம். 100 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய அந்தப் புதிய வரிசை 2014-ம் வருஷம் மே மாதத்தில் திறக்கப்பட்டது. அதிகமான வண்டிகள் செல்கின்றன, நெரிசல் நீடிக்கும் நேரம் சற்றுக் குறைந்திருக்கிறது என்று பிறகு அதிகாரிகள் கணக்குக் காட்டினார்கள். வாஸ்தவமாயிருக்கலாம். ஆனால் உச்ச நேரத்தில் கணவாயைக் கடப்பதற்குப் பிடிக்கும் காலம் குறையவில்லை என்பதையும் எல்லோரும் கண்டுகொண்டார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கல்யாணப் பந்தியில் கூட ஒரு வரிசை இலை போட்டால், காத்திருந்தவர்கள் மட்டுமா உட்காருகிறார்கள்? சாப்பிடாமல் போய்விடலாமென்று புறப்பட்டவர்களும் திரும்பி வந்து உட்காருகிறார்கள். வழி அகலமானதென்று கேள்விப்பட்டதும், முன்பு வேறு நேரத்தில் சென்றவரும், வேறு பாதையில் சென்றவரும், பிரயாணத்தையே தவிர்த்தவரும் அங்கே வந்து சேருகிறார்கள். போக்குவரத்து சாஸ்திரிகள் வெகு காலமாகச் சொல்லிவரும் உண்மை இது. வாக்குக் கேட்கும் மந்திரிகளின் காதில் மட்டும் அது ஏறுவதில்லை.

அடைப்பு தவிர்க்க முடியாததாயிருக்கும்போது எவ்வளவு விரைவாக அதை நீக்கலாம் என்பதற்கும் அந்நகரமே சான்று. 1994-ம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி நார்த்ரிட்ஜ் பூகம்பத்தில் ஸாண்டா மோனிகா பிரீவேயின் பாலங்கள் இடிந்து விழுந்தன. குறித்த நாளுக்கு முன்பாக முடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 2 லட்சம் டாலர் வெகுமதி, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் அதே தொகை அபராதம் என்று சர்க்கார் ஒப்பந்தம் எழுதியது. இரவு பகலாக வேலை நடந்தது. ஏப்ரல் 12-ந் தேதி, அதாவது கெடுவுக்கு 74 நாட்கள் முன்னதாகச் சாலை திறக்கப்பட்டது. ஒப்பந்தக்காரருக்குக் கிடைத்த வெகுமதி 1 கோடியே 48 லட்சம் டாலர். இது அதிகம் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. நாம் அவர்களோடு சேரவில்லை. ஜனங்களின் நேரத்துக்கும் விலையுண்டு என்று ஒரு சர்க்கார் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டதே பெரிய காரியம்.

ஆனால் பூகம்பத்தைப் போல் மனிதர் கைக்கு மிஞ்சியதாகச் சொல்ல முடியாத அடைப்பும் ஒன்று நேர்ந்தது. 2023-ம் வருஷம் நவம்பர் 11-ந் தேதி சனிக்கிழமை அதிகாலையில், நகரத்தின் மத்தியில் அதே 10-ம் நெம்பர் பிரீவேயின் அடியில் தீப்பிடித்தது. தூண்களுக்கிடையே உள்ள நிலத்தை மாகாண சர்க்கார் வாடகைக்கு விட்டிருந்தது. அங்கே மரப் பலகைகளும் எளிதில் பற்றும் மற்றப் பண்டங்களும் குவிந்து கிடந்தன. சர்க்காரின் பரிசோதகர்கள் முன்னமே அங்கு போய்ப் பார்த்திருக்கிறார்கள்; ஆபத்தைக் குறித்தும் வைத்திருக்கிறார்கள். வாடகை பாக்கிக்காகக் கோர்ட்டில் வழக்கும் நடந்துகொண்டிருந்தது. நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் வண்டிகள் செல்லும் சாலை மூடப்பட்டது. யாரோ வேண்டுமென்றே தீ வைத்தார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். தீ வைத்தவன் குற்றவாளியென்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் வைக்கோற்போரைக் கொண்டுபோய்க் கூடத்தின் நடுவில் அடுக்க இடங்கொடுத்துவிட்டு நெருப்புக் குச்சியை மட்டும் நோவதில் பயனென்ன? மூன்று முதல் ஐந்து வாரங்கள் ஆகுமென்று கவர்னர் காவின் நியூஸம் முதலில் சொன்னார். எட்டே நாட்களில், 19-ந் தேதியன்று, முட்டுக் கொடுத்துச் சாலையைத் திறந்துவிட்டார்கள். வேகம் பாராட்டத் தக்கதே. அந்த எட்டு நாட்கள் ஏன் வேண்டியிருந்தன என்ற கேள்வியை மட்டும் பாராட்டுரைகளின் ஓசையில் மூழ்கடிக்கக் கூடாது. முல்ஹாலண்ட் பாலத்துக்காகச் சாலையை மூடியபோது கோபித்தவர்களை விட, இந்த அடைப்பில் கோபித்தவர்களுக்கே நியாயம் அதிகம்.

இன்னொரு வகை அடைப்பும் இருக்கிறது. 2010-ம் வருஷம் அக்டோபர் முதல் 'ஸிக்லாவியா' என்ற பெயரில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வீதிகளை மோட்டாருக்கு மூடிச் சைக்கிளுக்கும் காலுக்கும் திறந்துவிடுகிறார்கள். 1940-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட பழைய அர்ரோயோ ஸெகோ சாலையையே 2003-ம் வருஷத்தில் ஒரு முறையும், 2023-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி மறு முறையும் அவ்விதம் திறந்துவிட்டார்கள். குழந்தைகள் ராஜபாட்டையின் நடுவில் உருளைச் சக்கரங்களில் ஓடினார்கள். இதையும் அடைப்பென்று வைது கடிதம் எழுதுவோர் உண்டு. அவர்களோடு நமக்குச் சம்மதமில்லை. வருஷத்தில் ஒன்றிரண்டு காலை வேளைகளுக்குச் சாலை அதன் சொந்தக்காரர்களுடைய கால்களுக்குத் திரும்பக் கிடைப்பதில் என்ன அநியாயம்? மேலும் 2011-ம் வருஷத்து அடைப்பின்போது அங்குள்ள சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள் காற்றைச் சோதித்ததில், 405-க்கு அருகே மிக நுண்ணிய தூசியின் அளவு மற்ற சனி, ஞாயிறுகளை விட 83 சதவிகிதம் குறைந்திருந்ததாகக் கண்டார்கள். அச்சாலையின் ஓரத்தில் குடியிருந்து தினந்தோறும் அந்தக் காற்றையே சுவாசிப்பவர்களுடைய ஆத்திரத்தைப் பற்றி ஒரு பத்திரிகையும் தலையங்கம் எழுதுவதில்லை.

2028-ம் வருஷம் ஜூலை 14 முதல் 30 வரையில் அந்நகரத்தில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற இருக்கின்றன. 1984-ல் அங்கே பந்தயம் நடந்தபோதும் நகரமே ஸ்தம்பித்துவிடுமென்று பயந்தார்கள். லாரிகளை இரவில் ஓட்டினார்கள், உத்தியோக நேரங்களை மாற்றினார்கள், பஸ்களைப் பெருக்கினார்கள். சாலைகள் என்றுமில்லாதபடி சீராக ஓடின. பந்தயம் முடிந்ததும் லாரிகளும் பகலுக்குத் திரும்பிவிட்டன. அந்த ஏற்பாடுகளில் பாதியையாவது ஏன் நிரந்தரமாக்கவில்லையென்று நமக்கு இன்னும் விளங்கவில்லை. 2016-ம் வருஷத்தில் அந்தக் கவுண்டியின் வாக்காளர்கள் மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்ட பெரும்பான்மையால் தங்கள் தலைமேல் தாங்களே அரை சதவிகித விற்பனை வரி போட்டுக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் செய்ய வேண்டிய காரியங்களில் ஸெபுல்வெடா கணவாய் ரயிலும் ஒன்று. அது 2028-க்குள் ஓடப் போவதில்லை. ஆகவே இரண்டு வார காலம் எந்தெந்தச் சாலைகள் யாருக்காக மூடப்படும் என்று இப்போதே கேட்பது அந்நகரவாசிகளின் கடமை. மூடப்படும் சாலை, நாள், மணி, அன்று அம்மார்க்கத்தில் ஓடும் பஸ்களின் எண்ணிக்கை, கூலி நாளை இழப்பவர்களுக்குச் செய்யும் பரிகாரம் ஆகிய எல்லாவற்றையும் ஓர் அட்டவணையாக்கி, பந்தயங்களுக்கு ஒரு வருஷமாவது முன்னதாக இங்கிலீஷில் மட்டுமின்றி ஸ்பானிஷ், கொரியன், ஆர்மீனியன் முதலாக அங்கே ஜனங்கள் பேசும் பாஷைகளிலெல்லாம் அச்சிட்டு வீடுதோறும் சேர்ப்பிக்கும்படி நகரசபையை அவர்கள் வற்புறுத்த வேண்டும்.